கிச்சன் கப்போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சா வீடு கூடுதல் விலைக்குப் போகுமா? ஒரு கீழவாஞ்சூர் வீட்டுக் கணக்கு



ஒரு சின்ன கற்பனை. நீங்க சென்னையில வேலை பார்க்குறீங்க. கைக்கு வர்ற சம்பளம் 45,000 ரூபாய். சொந்த ஊர் கீழவாஞ்சூர். அப்பா கட்டின வீடு அங்கே இருக்கு. அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. அம்மா தனியா இருக்காங்க. அக்கா கல்யாணமாகி பாரிஸ்ல. அம்மாவை உங்ககூட கூட்டிட்டு வந்துடலாம், வீட்டை வித்துடலாம்னு மூணு பேரும் பேசி முடிவு பண்ணியாச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில அம்மாகிட்ட இருந்து போன். "தம்பி, புரோக்கர் வந்து பார்த்துட்டுப் போனாருப்பா. வீடு நல்லாத்தான் இருக்காம். அடுப்படிதான் பழசா தெரியுதாம். கப்போர்டை மாத்தி பெயிண்ட் அடிச்சு வச்சா ரெண்டு லட்சம் சேர்த்துக் கேக்கலாங்குறாரு."

ரெண்டு லட்சம்னதும் உங்க கை தானா போனுக்குப் போகுது. பர்சனல் லோன் ஆப்ல "உங்களுக்கு 1,50,000 ரூபாய் தயார்"னு ஏற்கனவே நோட்டிஃபிகேஷன் வந்து கிடக்கு.

கொஞ்சம் பொறுங்க. அந்தப் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். விக்கப் போற வீட்டுல கப்போர்டுக்கு அடிக்கிற பெயிண்ட், விலையை ஏத்துறது ரொம்பக் கம்மி. வீடு சீக்கிரம் போக சில நேரம் உதவும். அதனால இதுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்ங்கிறதுக்கு ஒரு வரம்பு இருக்கு. கடன் வாங்கிப் பண்ற அளவுக்கு அந்த வரம்பு பெருசு இல்ல. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

இந்த யோசனை எங்கேர்ந்து வந்தது?

"விக்கிறதுக்கு முன்னாடி கிச்சனைப் புதுசு பண்ணு" என்பது அமெரிக்காவில் ரொம்பப் பிரபலமான அறிவுரை. அங்கே 'ரீமாடலிங்' என்கிற பத்திரிகை, வீட்டுல எந்த வேலைக்குச் செலவு பண்ணா விக்கும்போது எவ்வளவு திரும்பி வரும்னு வருஷா வருஷம் அறிக்கை போட்டுக்கிட்டு வந்தது. 2024 அறிக்கையில், கிச்சன்ல சின்ன அளவு மாற்றத்துக்குப் போட்ட காசுல சுமார் 96 சதவீதம் திரும்பி வருதுன்னு சொல்லியிருந்தாங்க. ஆடம்பரமா முழுசா மாத்தினா சுமார் 38 சதவீதம்தான்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. அதிகமா செலவு பண்ணா அதிகமா திரும்பி வரும்னு அங்கேயே இல்ல. அடுத்தது, நல்ல பலன் தந்த அந்தச் சின்ன மாற்றத்துலகூட போட்ட 100 ரூபாய்க்கு 96 ரூபாய்தான் வந்தது. அதாவது 4 ரூபாய் நஷ்டம்.

அதோட அங்கே வாங்குறவர் வீட்டை அப்படியே எடுத்து அதுல குடியேறுறவர். நம்ம ஊர்ல அப்படி இல்ல. வீடு வாங்கினதும் நாள் பார்த்து, வாஸ்து பார்த்து, அடுப்பு எந்தத் திசையில இருக்கணும்னு பேசி, பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே கொத்தனாரைக் கூப்பிடுறவங்க நாம. நீங்க ஆசை ஆசையா அடிச்ச பெயிண்ட்டை அவங்க மூணாவது மாசமே கழட்டிப் போடலாம்.

கீழவாஞ்சூர்ல யார் வாங்குவாங்க?

ஊர் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. கீழவாஞ்சூர், காரைக்கால் மாவட்டத்தோட தெற்கு ஓரம், திருமலைராயன்பட்டினம் கொம்யூன். எல்லையைத் தாண்டினா தமிழ்நாடு, நாகூர். ஆட்சி புதுச்சேரி, சந்தையும் சொந்தபந்தமும் ரெண்டு பக்கமும். காரைக்கால் துறைமுகம் இங்கேதான் இருக்கு. 2009-ல செயல்பாட்டுக்கு வந்தது, 2023-ல அதானி குழுமம் வாங்கினது.

இப்படி ஒரு ஊர்ல உங்க வீட்டைப் பார்க்க வர்றவங்களை மூணு வகையா பிரிச்சுக்கலாம்.

முதல் வகை, குடியிருக்க வாங்குற குடும்பம். காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ வேலை, ஹோம் லோன் போட்டு வாங்குவாங்க. இவங்கதான் அடுப்படியை உத்துப் பார்ப்பாங்க.

ரெண்டாவது வகை, வாடகைக்கு விட வாங்குறவர். துறைமுகம், லாரி, குடோன் வேலைக்கு வர்றவங்களுக்கு விடலாம்னு கணக்குப் போடுவார். அவருக்குத் தண்ணி வருதா, பாத்ரூம் எத்தனை, வண்டி நிறுத்த இடம் இருக்கா, அவ்வளவுதான். கப்போர்டு கலரைக் கேக்க மாட்டார்.

மூணாவது வகை, மனைக்காக வாங்குறவர். வெளிநாட்டுல சம்பாதிச்சு ஊர்ல வீடு கட்டணும்னு நினைக்கிறவர் இதுல வரலாம். இவர் உங்க வீட்டை இடிச்சிட்டுப் புதுசா கட்டினாலும் ஆச்சரியமில்ல. இவர்கிட்ட அடுப்படியைக் காட்டுறதே வீண்.

மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் கப்போர்டு ஒரு விஷயம். அதனால பெயிண்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி புரோக்கர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இந்தத் தெருவுல கடைசியா வித்த ரெண்டு வீட்டை யாருண்ணே வாங்குனாங்க? வாங்கி என்ன பண்ணாங்க?" அந்தப் பதில்லயே பாதி முடிவு வந்துடும்.

பெயிண்ட்டுக்கு பேங்க் கடன் தராது

இந்த இடத்தைத்தான் நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

ஹோம் லோன்ல வாங்குறவருக்கு, பேங்க் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் மனை மதிப்பு, கட்டிடத்தோட அளவு, வயசு, நிலைமை பார்த்து ஒரு தொகை எழுதுவார். கப்போர்டு பளபளன்னு இருக்குன்னு அவர் ரெண்டு லட்சம் கூட்டிப் போட மாட்டார். கடன் எவ்வளவு வரை தரலாம்ங்கிறதுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வச்சிருக்கு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு சொத்து மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதுக்கு மேல 75 சதவீதம்.

உதாரணமா மதிப்பீட்டாளர் உங்க வீட்டை 30 லட்சம்னு எழுதுறார்னு வைங்க. அதிகபட்சக் கடன் 27 லட்சம்.

நீங்க 30 லட்சம் சொன்னா, வாங்குறவர் கையிலிருந்து போடுறது 3 லட்சம்.

பெயிண்ட் அடிச்சிட்டு 32 லட்சம் சொன்னா, கடன் அதே 27 லட்சம்தான். கையிலிருந்து 5 லட்சம் போடணும். இது போக முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் தனி.

அதாவது நீங்க ஏத்தின ரெண்டு லட்சமும் அவரோட சேமிப்புலேர்ந்து ரொக்கமா வரணும். உங்களை மாதிரியே சம்பளக்காரர் அவர். "ரெண்டு லட்சத்துக்கு நானே எனக்குப் பிடிச்ச மாதிரி புது கிச்சன் போட்டுக்குவேனே"ன்னு நினைப்பாரா, மாட்டாரா? நீங்களே அவர் இடத்துல இருந்தா என்ன நினைப்பீங்க?

உங்க கப்போர்டு எதுல செஞ்சது?

பெயிண்ட் அடிக்கலாமா வேணாமாங்கிறதைப் பாதி முடிவு பண்றது கப்போர்டு செஞ்ச பொருள். அடுப்படிக்குப் போய்த் தட்டிப் பாருங்க. நேர்ல போக முடியலைன்னா அம்மாவை வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க.

கடப்பா கல் தட்டு, மேல மரக்கதவு: டெல்டா பக்கம் பழைய வீடுகள்ல நிறைய பார்க்கலாம். தேய்ச்சு, பிரைமர் போட்டு, எனாமல் அடிச்சா நல்லா பிடிக்கும். பெயிண்ட்டுக்கு ஏத்தது இதுதான்.

பிளைவுட், மேல லேமினேட்: வழவழப்பான லேமினேட் மேல நேரா பெயிண்ட் அடிச்சா சில மாசத்துல உரியும். நல்லா தேய்ச்சு, அதுக்குன்னு இருக்கிற பிரைமர் போட்டாத்தான் நிக்கும். கூலியும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

பிவிசி, அலுமினியம்: பெயிண்ட்டை மறந்துடுங்க. சோப்புத் தண்ணி, ஸ்க்ரப்பர், ஒரு மணி நேரம். அது போதும்.

உப்பி வீங்கின பார்ட்டிகிள் போர்டு: சிங்க்குக்குக் கீழ தண்ணி பட்டு ஊதிப் போயிருக்கும். இதுக்கு மேல பெயிண்ட் அடிக்கிறது வீண் செலவு. அந்த ஒரு கதவை மட்டும் மாத்தலாம். தண்ணி படுற இடத்துல போடுற பிளைவுட்ல ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. தண்ணியைத் தாங்குற தரத்துக்கான இந்திய முத்திரை அது.

இன்னொரு விஷயம், கடல் காத்து. கீழவாஞ்சூர்ல உப்புக் காத்து முதல்ல சாப்பிடுறது பெயிண்ட்டை இல்ல, கீலைத்தான். சாதா இரும்புக் கீல் துருப்பிடிச்சு, கதவு ஒரு பக்கம் தொங்கும், திறந்தா கிரீச்சுன்னு சத்தம் போடும். வாங்க வர்றவர் கதவைத் திறந்து பார்க்கிறப்போ அவர் மனசுல பதியுறது அந்தச் சத்தம்தான். எவ்வளவு நல்ல கலர் அடிச்சாலும் தொங்குற கதவு தொங்குற கதவுதான். அதனால முதல் செலவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல், ஸ்க்ரூவும் அதே ஸ்டீல்ல. பெயிண்ட் ரெண்டாவது.

கலர் வேணும்னா சுத்த வெள்ளை வேணாம். துறைமுகத்து நிலக்கரித் தூசி பத்தி சுத்துவட்டாரத்துல பல வருஷமா புகார் இருக்கு. வாங்க வர்றவர் விரலால தடவிப் பார்ப்பார். சந்தன நிறம், வெளிர் சாம்பல் மாதிரி ஏதாவது போதும்.

வீட்டுல ரொம்பப் பழைய எனாமல் இருந்தா ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்டுகள்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்டை வறட்டுத்தனமா உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. பாத்திரம், அரிசி, பருப்பையெல்லாம் வேற ரூமுக்கு மாத்திடுங்க. சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது.

இப்ப கணக்குப் போடுவோம்

கீழே இருக்கிற ரேட் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது. உங்க ஊர் பெயிண்டர், ஆசாரிகிட்ட கேட்டு எண்களை மாத்திக்கோங்க. முறை ஒண்ணுதான்.

எல் வடிவ அடுப்படி, மேடை நீளம் 14 அடி. கீழ் கதவு உயரம் இரண்டரை அடி, மேல் கதவு உயரம் 2 அடி. கீழே 35 சதுர அடி, மேலே 28 சதுர அடி, மொத்தம் 63. ரெண்டு பக்கமும் அடிக்கணும், அதனால 126 சதுர அடி.

வழி 1: தேய்ச்சு, பிரைமர், ரெண்டு கோட் எனாமல். சதுர அடிக்கு 90 ரூபாய்னா 11,340. புதுக் கீல் 28, ஒண்ணு 120 ரூபாய்னா 3,360. கைப்பிடி 14, ஒண்ணு 100 ரூபாய்னா 1,400. மொத்தம் 16,100 ரூபாய்.

வழி 2: பி.யூ. ஸ்ப்ரே பெயிண்ட். சதுர அடிக்கு 350 ரூபாய்னா 44,100. கீல், கைப்பிடி சேர்த்து 48,860 ரூபாய்.

வழி 3: கதவெல்லாம் கழட்டிட்டுப் புது கப்போர்டு. முகப்பு 63 சதுர அடி, சதுர அடிக்கு 1,800 ரூபாய்னா 1,13,400 ரூபாய்.

புரோக்கர் சொன்னது மூணாவது வழி. அதை 14 சதவீத வட்டியில 24 மாசம் பர்சனல் லோன்ல எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 5,445 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 17,300 ரூபாய். ஆக உண்மையான செலவு ஏறக்குறைய 1,30,700.

இப்ப வரவு. "ரெண்டு லட்சம் சேர்த்துக் கேக்கலாம்"ங்கிறதுல "கேக்கலாம்" என்பதுதான் முக்கியமான வார்த்தை. கேக்குறது நம்ம கையில, குடுக்குறது அவங்க கையில. நாலு பேர்ல ஒருத்தர்தான் அடுப்படிக்காகக் கூட்டிக் குடுப்பார், அவரும் பேரம் பேசி ஒரு லட்சம்தான் கூட்டுவார்னு வைங்க. நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, ஒரு லட்சம். சராசரியா எதிர்பார்க்கக்கூடிய வரவு 25,000 ரூபாய். செலவு 1,30,700. அந்த ஒருத்தரே வந்தாலும் உங்களுக்கு 30,700 கைநட்டம்.

வழி 1-க்குப் பாருங்க. இதே நாலுல ஒருத்தர் 25,000 கூட்டிக் குடுத்தா சராசரி வரவு 6,250. செலவு 16,100. விலையை மட்டும் பார்த்தா இதுவும் நஷ்டம்தான்.

ஆனா நேரத்தைச் சேர்த்துப் பாருங்க. 30 லட்சம் உங்க கைக்கு ஒரு மாசம் முன்னாடி வந்தா, 7 சதவீத டெபாசிட் வட்டியில அதோட மதிப்பு 17,500 ரூபாய். அடுப்படி பார்க்கிற மாதிரி இருந்ததால வீடு ஒரே ஒரு மாசம் சீக்கிரம் போனாலும் 16,100 ரூபாய் செலவு ஈடாகிடும். பெயிண்ட்டோட பலன் இருந்தா அது இந்த நாள் கணக்குலதான் இருக்கு.

இதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்டுத்தான் வீட்டைக் காட்டுவோம்னு ஒரு மாசம் தள்ளிப் போட்டா, அந்த 17,500 போயிடும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில டெல்டா கடற்கரையில எனாமல் காயறதுக்குள்ள பெயிண்டர் நாலு தடவை லீவு போட்டுடுவார். மழைக்காலம்னா தேய்ச்சுக் கழுவி, கீலை மட்டும் மாத்திட்டு வீட்டைக் காட்ட ஆரம்பிச்சிடுங்க.

மறைக்கிறதுக்காக அடிச்சா?

சிங்க் பின்னாடி சுவர்ல ஓதம். பரண் ஓரத்துல தளத்துலேர்ந்து தண்ணி கசிஞ்ச கறை. "பெயிண்ட் அடிச்சா தெரியாது"ன்னு யாராவது சொல்வாங்க. அடுப்படி பெயிண்ட்ல பணத்தை விடப் பெரிய ஆபத்து இதுலதான்.

ஜார்ஜ் அக்கர்லோஃப் என்கிற பொருளாதார நிபுணர் 1970-ல பழைய கார் சந்தை பத்தி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால 2001-ல நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னதோட சாரம்: பொருளைப் பத்தி விக்கிறவருக்குத் தெரிஞ்சது வாங்குறவருக்குத் தெரியாதுன்னா, வாங்குறவர் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். வீட்டுலயும் இதேதான். மொத்த வீடும் பழசா இருந்து அடுப்படி மூலை மட்டும் ஈரம் காயாத புதுப் பெயிண்ட்டா இருந்தா, விவரமானவர் கேக்குற முதல் கேள்வி, "இங்க என்ன இருந்துச்சு?"

சட்டமும் அப்படித்தான். 1882-ம் வருஷ சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, வாங்குறவர் சாதாரணமா கவனமா பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்துல இருந்து, அது விக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா, அவர் அதைச் சொல்லியே ஆகணும். கசிவை மூடி பெயிண்ட் அடிச்சு வித்துட்டு, அடுத்த மழையில அது வெளிய வந்தா, வக்கீல் நோட்டீஸ் அம்மா பேருக்கும் வரும்.

பணம் இருந்தா கசிவை சரி பண்ணுங்க. இல்லைன்னா உள்ளதைச் சொல்லி அதுக்கேத்த மாதிரி விலை பேசுங்க. கசிவை சரி பண்ண பில் இருந்தா அதையே எடுத்துக் காட்டுங்க. அதுக்கு எந்த பெயிண்ட்டை விடவும் மதிப்பு அதிகம்.

வரியில கழிச்சுக்கலாமா?

நிறைய பேர் கேக்குற கேள்வி இது. வீடு வித்த லாபத்துக்குக் கணக்குப் போடும்போது, வீட்டோட மதிப்பைக் கூட்டுற நிரந்தர வேலைகளைத்தான் மேம்பாட்டுச் செலவா கழிக்கலாம். கூடுதல் ரூம் கட்டினது, மாடி எடுத்தது மாதிரி. பெயிண்ட் பராமரிப்பு வேலை. அதை நம்பி கழிக்க முடியாது. புரோக்கர் கமிஷன் விற்பனைக்காகவே ஆன செலவு, அதைக் கழிக்கலாம். ரசீது வாங்கி வச்சுக்கோங்க.

24 மாசத்துக்கு மேல வச்சிருந்த வீடுன்னா நீண்டகால லாபம். 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின சொத்துன்னா, இந்தியாவில் வசிக்கிற தனிநபர் பழைய முறையில 20 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டலோட கணக்குப் போட்டு, ரெண்டுல எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். வாரிசா வந்த வீடுன்னா அப்பா போட்ட செலவும், அவர் வச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும். அதனால அப்பாவோட பழைய டைரி, சிமெண்ட் பில், ஒப்பந்தக்காரர் ரசீது எதையும் வீட்டைக் காலி பண்ணும்போது தூக்கிப் போடாதீங்க. புது கப்போர்டை விட அந்த மஞ்சளேறின பில்லு உங்களுக்கு அதிகமா சம்பாதிச்சுக் குடுக்கும்.

அந்தப் பணம் முதல்ல போக வேண்டிய இடம்

அடுப்படி அழகா இல்லாததால ஒரு விற்பனை நின்னு போறது அபூர்வம். பத்திரத்துல ஒரு கையெழுத்து இல்லாததால நிக்கிறது அன்றாடம் நடக்கிறது.

நம்ம உதாரணத்துல வாரிசு மூணு பேர். அம்மா, அக்கா, நீங்க. வாரிசுச் சான்று வேணும். அக்கா வர முடியலைன்னா பாரிஸ்ல இருக்கிற இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கின பவர் பத்திரம் வேணும். வெளிநாட்டுல எழுதின அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள இங்கே முத்திரைத்தீர்வை கட்டணும். இன்னொண்ணு, அக்கா வெளிநாட்டுவாசி என்பதால அவங்க பங்குக்கு வாங்குறவர் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ். விதியே வேற. 50 லட்சத்துக்குக் கீழன்னா டி.டி.எஸ். இல்லைங்கிறது அவங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன 20 சதவீத வாய்ப்பும் அவங்களுக்கு இல்ல. இதை முன்கூட்டியே ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க.

அப்புறம் வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், கட்டிட அனுமதி. ஊர் புதுச்சேரி ஆட்சியில இருக்கிறதால பதிவும் காரைக்கால் பக்கத்து சார்பதிவாளர் அலுவலகத்துலதான். நாகூர்ல இருக்கிற உறவுக்காரர் சொல்ற தமிழ்நாட்டுக் கட்டணத்தை வச்சு வாங்குறவருக்குக் கணக்கு சொல்லாதீங்க. வீடு கடலுக்குப் பக்கம்னா கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பத்தின கேள்வியும் வரும். உயர் அலைக் கோட்டுலேர்ந்து 500 மீட்டர் வரை அதோட விதிகள் வரலாம். பேங்க் வக்கீல் கேக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட பதில் இருந்தா, உங்க மேல நம்பிக்கை வரும்.

சரி, கடைசியா என்ன பண்ணலாம்?

ஒரு வார விடுமுறை, 10,000 ரூபாய்க்குள்ள ஒரு திட்டம்:

1. அடுப்புப் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கை சோடா உப்பும் வெந்நீரும் போட்டு எடுத்துடுங்க. பாதி கப்போர்டு பழசா தெரியுறதுக்குக் காரணம் பெயிண்ட் போனது இல்ல, பிசுக்குதான்.
2. துருப்பிடிச்ச கீல், உடைஞ்ச கைப்பிடி மாத்துங்க.
3. சிங்க் குழாய் சொட்டுதா? வாஷர் போடுங்க. கீழே ஈரம் காயட்டும்.
4. டியூப் லைட் மங்கலா இருந்தா நல்ல எல்.இ.டி. போடுங்க.
5. மேடை மேல இருக்கிற டப்பா, பரண் மேல இருக்கிற பழைய அண்டா எல்லாத்தையும் குறைங்க. இடம் பெருசா தெரியும்.
6. இதுக்கப்புறமும் மரக்கதவு கண்ணுக்கு உறுத்தினா, வெளிப்பக்கம் மட்டும் எனாமல்.

பெயிண்ட்டுக்கு "சரி" சொல்ல மூணு நிபந்தனை: வாங்க வர்றவங்க பெரும்பாலும் குடியிருக்க வர்ற குடும்பம், கதவு பெயிண்ட் பிடிக்கிற மரம், மொத்தச் செலவு விலையோட ஒரு மாச வட்டிக்குள்ள. மூணும் சரின்னா அடிங்க. ஒண்ணு இல்லைன்னாலும் விட்டுடுங்க. நாலாவதா எப்பவும் பொருந்துற ஒரு விதி: விக்கப் போற வீட்டுக்காகக் கடன் வாங்காதீங்க. வீடு விக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். இ.எம்.ஐ. அடுத்த மாசமே வந்துடும்.

கடைசியா ஒண்ணு. வீடு விக்கிற வரைக்கும் அந்த அடுப்படியில சமைக்கப் போறது அம்மாதான். அதனால முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. "அம்மா, உனக்கு எந்தக் கதவு இடைஞ்சலா இருக்கு?"ன்னு கேளுங்க. சிங்க்குக்குக் கீழ இருக்கிற கதவு ஒண்ணு ரெண்டு வருஷமா மூடவே மாட்டேங்குதுன்னு சொல்லலாம். முதல்ல அதை மாத்துங்க. வாங்க வர்றவரும் முதல்ல திறந்து பார்க்கப் போறது அந்தக் கதவைத்தான்.

உங்க வீட்டு மேடை நீளம், கதவு எதுல செஞ்சது, பெயிண்டர் சொன்ன ரேட், இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சில வீடுகளை எடுத்து இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.